பம்பர் முடியாத வரைக்கும்

என் வீட்டுக்காரர் தர்ஷன் தேயிலை பெக்டரியில் ஃபிட்டர். ஆள் உயர ரோலர் மிஷினை நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டு, சாயங்காலச் சங்கு ஊதுவதற்குள் பழையபடி ஓட விடுகிற மனுஷன். அப்படிப்பட்டவருக்கு ஒரு பழைய கெப்புக்கு முன்னால் மாட்ட ஓர் இரும்பு பம்பர் செய்வதற்கு ஸ்கூல் லீவு முழுவதும் போதவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? நான் நம்பினேன். மடச்சி மாதிரி நம்பினேன்.

கெப் என்கிற அந்தச் சின்ன லொறியை ஓட்டுகிறவள் நான். பின்தட்டுக்குக் கூரை போட்டு, இரண்டு பக்கமும் உட்காரப் பலகை அடித்து, காலையில் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் நோர்வூட்டில் ஸ்கூல் வாசலில் இறக்குவேன். மத்தியானம் திரும்ப ஏற்றி வருவேன். எங்கள் லயம் இருப்பது மேல்கணக்கில், அதாவது தோட்டத்தின் உச்சிப் பிரிவில். பஸ் போகிற ரோட்டுக்கு இறங்கி வருவதற்குள் சின்னப் பிள்ளைகளுக்குக் கால் கடுத்துவிடும். நான் லைசன்ஸ் எடுத்து வந்த புதிதில், "பொம்பள ஸ்டீரிங்க புடிச்சா நாங்க எல்லாம் எங்கிட்டு நடக்கிறது?" என்று கேலி பண்ணினவர்கள்தான் பிறகு தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஏற்றி, "பிரேமினி, இவனுக்கு வாந்தி வரும், கொஞ்சம் பார்த்துக்க" என்று விட்டுப் போனார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்த வேலை. காலையில் அந்தப் பிள்ளைகளின் கூச்சல் பின்னால் கேட்டால்தான் எனக்கு விடிந்த மாதிரி இருக்கும்.

பழைய பம்பர் உடைந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். லீவு விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், காலையில், நல்ல பனிமூட்டம். மதகு வளைவில் நான் இறங்கிக்கொண்டிருக்கிறேன். எதிரே ஒரு பிரைவேட் பஸ், லொறி ஒன்றை முந்திக்கொண்டு என் பக்கத்திலேயே ஏறி வருகிறது. எனக்கு இடது கைப்பக்கம் பள்ளம். பள்ளத்துக்கு முன்னால் மதகின் கருங்கல் கட்டு. அதை விட்டால் வண்டியை நிறுத்த எனக்கு வேறு எதுவும் இல்லை. பிரேக்கை அமுக்கிக்கொண்டு கட்டிலேயே கொண்டுபோய் மோதினேன். பஸ்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான், பாவி.

பம்பர் துண்டு துண்டாகப் போயிற்று. பிள்ளைகளுக்கு அங்கங்கே சிராய்ப்பு. எங்கள் பக்கத்துக் காம்பரா வீட்டு நாகலெட்சுமி அக்காவின் மகள் சுலக்ஷனாவுக்கு மட்டும் வாய் கம்பியில் இடித்து முன்பல் இரண்டு கழன்று விழுந்தன. ஆடிக்கொண்டிருந்த பால் பல்தான். இருந்தாலும் இரத்தம் இரத்தம்தானே. அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நோர்வூட் ஸ்டாண்டில் இருக்கிற டிரைவர்மார் அத்தனை பேரும் இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, "நீ கட்டுல அடிச்சபடியாதான் புள்ளைங்க இன்னைக்கு உசுரோட இருக்கு" என்றார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ரேடியேட்டரையும் லைட்டையும் நோர்வூட் கராஜில் சரிபண்ணினோம். பம்பர்தான் கிடைக்கவில்லை. கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பழைய பார்ட்ஸ் கடைகள் வரை ஆள் வைத்துக் கேட்டாயிற்று. சொன்ன விலைக்கு இன்னொரு கெப்பே வாங்கலாம் போல இருந்தது. அப்போது தர்ஷன் சொன்னார்: "ஏன் புள்ள அலையிற? பெக்டரில கழிச்சுப் போட்ட சேனல் இரும்பு கெடக்கு. பெக்டரி பெரியவர்கிட்ட கேட்டு எடுத்து நானே அடிச்சுத் தர்றேன்."

மனசு குளிர்ந்துவிட்டது எனக்கு. லீவு விடுகிற வரைக்கும் பிள்ளைகளை நோர்வூட் ஃபாஸில் நானா தன் வேனில் ஏற்றிப் போனார். நல்ல மனுஷன், நானா என்று கூப்பிடுகிறபடியே எனக்கு அண்ணன் மாதிரி. "ஸ்கூல் திறக்குறப்ப ஒங்க புள்ளைங்கள நீங்களே எடுத்துக்கங்க தங்கச்சி" என்று அவராகவேதான் சொன்னார். ஆனால் பிள்ளைகள் ஒரு வண்டிக்குப் பழகிவிட்டால் அப்புறம் மாற மாட்டார்கள். ஸ்கூல் திறக்கிற அன்றைக்குக் காலையில் என் கெப் ரோட்டில் நிற்க வேண்டும். நின்றால் வேலை என்னுடையது. நிற்காவிட்டால் நான் பழையபடி வீட்டுக்குள் இருக்க வேண்டியதுதான். இது தர்ஷனுக்கும் தெரியும். நான் நாளுக்கு நாலு தரம் சொன்னேன்.

முதல் பம்பர் வந்தது. லயத்துக் கரண்டில் வெல்டிங் மிஷின் ஓடாது. அதனால் பெக்டரிப் பட்டறையில் ஒட்டி, டிராக்டரில் போட்டுக் கொண்டுவந்து, வீட்டு வாசலில் மாட்டிப் பார்க்க வேண்டும். நான் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கனம் என்றால் அப்படி ஒரு கனம். அவர் அடியில் படுத்துக்கொண்டு போல்ட்டை நுழைக்கப் பார்க்கிறார். நுழையவில்லை. வண்டியின் செசிச் சட்டத்தில் இருக்கிற ஓட்டை ஓர் இடம், பம்பர் பிராக்கெட்டில் போட்ட ஓட்டை வேறோர் இடம். அரை அங்குலம் தள்ளி.

"அளந்துதானே போட்டீங்க?"

"அளந்துதான் போட்டேன். எங்கயோ பெசகிருச்சு."

"காட்போட் மட்டையெல்லாம் வெட்டி வச்சு அளந்தீங்களே!"

"மட்ட நனைஞ்சு போச்சு போல."

மட்டை நனைந்ததாம். பட்டறைக்குள் மழை பெய்ததாக்கும். கை கடுக்க அதைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பேசினால் சண்டை வரும்.

இரண்டாவது தடவை ஓட்டை சரியாக உட்கார்ந்தது. பம்பர்தான் நேராக இல்லை. இரண்டு பக்கமும் மேலே தூக்கிக்கொண்டு, நடுவில் தொங்கிக்கொண்டு, சிரிக்கிற வாய் மாதிரி இருந்தது. ஒரு முனையில் பிடித்து மறு முனை வரைக்கும் ஒரே மூச்சில் ஒட்டினால் சூடு இரும்பை இழுத்துவிடும் என்று அவரே எனக்கு விளக்கம் சொன்னார். விட்டு விட்டு ஒட்ட வேண்டுமாம். நடுவில் கொஞ்சம், ஓரத்தில் கொஞ்சம்.

"அது தெரிஞ்சும் ஏன் ஒரே மூச்சா ஒட்டுனீங்க?"

"அவசரத்துல மறந்துட்டேன்."

"யாருக்கு அவசரம்? ஒங்களுக்கா, எனக்கா?"

அவர் கிரைண்டரின் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். வாய்க்குள்ளேயே பொருமிக்கொண்டு நான் நின்றேன். அந்தக் கோணல் பம்பர் எங்கள் இஸ்தோப்புத் திண்ணைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. நாகலெட்சுமி அக்கா அதில் கம்பளி காயப்போட்டார். போகிற வருகிறவர்களெல்லாம் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தடிப்பா போட்டிருக்கலாம்", "கீழ ஒரு பைப்பு குடுத்தா நல்லா இருக்கும்" என்று யோசனை சொன்னார்கள். ஒருத்தர்கூட "எப்ப புள்ள முடியும், ஸ்கூல் திறக்கப்போகுதே" என்று கேட்கவில்லை. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. நான்தான் ஒவ்வொருத்தரிடமும், "இந்தா, இந்தக் கெழமைக்குள்ள முடிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களும் "ஆ, சரி சரி" என்று போனார்கள்.

மூன்றாவது தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேராக இருந்தது, ஓட்டை சரி, தடிப்பும் சரி. மாட்டிப் பார்த்தால் நம்பர் பிளேட் பாதி மறைந்துபோயிற்று. ஹெட்லைட்டின் அடிப்பாகத்திலும் ஒரு மூலை உட்கார்ந்திருந்தது.

"இதோட ரோட்டுல போனா போலீஸ் விடாது" என்றார் தர்ஷன், ஏதோ அதை வேறு யாரோ செய்து கொண்டுவந்து கொடுத்த மாதிரி. "இப்ப வண்டிக்கு மேலதிகமா எத மாட்டுனாலும் நிப்பாட்டிக் கழட்டச் சொல்றாங்க. வெளிய நீட்டிக்கிட்டு வேற இருக்கு. கொறைக்கணும்."

"கொறைங்க. இன்னைக்கே கொறைங்க."

"நம்பர் பிளேட்டு அளவு வேணும்."

"அந்தா வண்டியில இருக்கு. அளந்துக்கங்க!"

"நாளைக்கு டேப்பு கொண்டுவந்து அளக்கிறேன்."

"தர்ஷன், ஒங்களுக்கு என்னதான் வந்திருச்சு?" என்று கத்தினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் லயத்துக் கோடியில் இருக்கிற ஆள்கூட எட்டிப் பார்க்கும். பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. "பெக்டரி ரோலர் ஷாஃப்ட்ட மயிரிழை பெசகாம ஒக்கார வைக்கிறவரு, ஒரு பம்பர்ல வந்து தடுமாறுறீங்க. சொல்லுங்க, முடியாட்டி முடியாதுன்னு சொல்லுங்க. நான் ஹட்டன்ல குடுத்து அடிச்சுக்கிறேன்."

"முடியும் பிரேமி. கொஞ்சம் பொறு" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சண்டைக்கு வருகிற ஆளோடு சண்டை போடலாம். கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்கிற ஆளை என்ன பண்ணுவது?

மறுநாளும் டேப்பு வரவில்லை. ஆனால் அதற்கும் மறுநாள் அவர் நெற்றியில் குங்குமத்தோடு வீட்டுக்கு வந்தார். அதைக் கண்டதும் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. காரணம் இருக்கிறது. பெக்டரியில் பட்டறைக்கும் என்ஜின் ரூமுக்கும் நடுவில் ரோதமுனி சாமி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். பெக்டரியில் சுற்றுகிற சக்கரங்களுக்கெல்லாம் காவல் அந்த முனிதான். தர்ஷன் புதிதாக எந்த வேலையில் கை வைத்தாலும் முனிக்கு ஓர் எலுமிச்சம்பழம் வெட்டி, கற்பூரம் ஏற்றி, குங்குமம் வைத்துக்கொண்டுதான் தொடங்குவார். செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்குச் சாணை பிடிப்பதென்றாலும் அப்படித்தான். முனிக்கு முன்னால் தொடங்கின வேலையை அரைகுறையாக விட்டால் இரும்பு கையைக் கேட்கும் என்பார். இந்த லீவு முழுவதும் அவர் நெற்றியில் குங்குமம் இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரி, இன்றைக்காவது முறைப்படி தொடங்கியிருக்கிறார், இனி பம்பர் வந்துவிடும் என்று நினைத்தேன். ராத்திரி ரொட்டிக்கு மாசிக் கருவாடு போட்டுச் சம்பல் இடித்தேன், அவருக்குப் பிடிக்கும் என்று. அவர் என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டார்.

சனிக்கிழமை. திங்கட்கிழமை ஸ்கூல். நான் வீட்டில் இருக்க முடியாமல் ஒரு வேலை செய்தேன். கெப்பின் நம்பர் பிளேட்டையே ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்துக்கொண்டு பெக்டரிக்கு நடந்தேன். அளவு இல்லை என்ற சாக்கு இனி இருக்கக் கூடாது. தேயிலை மலையில் நம்பர் பிளேட்டோடு ஒருத்தி போவதைப் பார்த்து, கொழுந்து எடுக்கிற பெண்கள், "என்னா பிரேமினி, வண்டி எங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பட்டறை வாசலில் நின்றது ஃபாஸில் நானாவின் வேன். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே, சீட்டுகளுக்கு நடுவே, புதிதாக ஒரு நீள பெஞ்சு. கம்பியெல்லாம் வழவழவென்று தேய்த்து, முனைகளை வளைத்து, சின்னப் பிள்ளைகளின் கால் தரையில் எட்டுகிற உயரத்தில் ஒட்டியிருந்தது. முனிக்கு முன்னால் வெட்டின எலுமிச்சம்பழம் காய்ந்துபோய்க் கிடந்தது. தர்ஷன் வேனுக்குள் குனிந்து கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க தங்கச்சி!" என்றார் ஃபாஸில் நானா வாய் நிறைய. "பாருங்க, ஒங்க வீட்டுக்காரர் எவ்வளவு பக்குவமா செஞ்சிருக்கார்னு. ஒரு மொனை கூட புள்ளைங்கள குத்தாது. மேல்கணக்கு புள்ளைங்க அத்தன பேருக்கும் இனி எடம் காணும்."

"எந்தப் புள்ளைங்களுக்கு?"

அவர் முகம் மாறிவிட்டது. என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த நம்பர் பிளேட்டைப் பார்த்தார், தர்ஷனைப் பார்த்தார். "நீங்க இன்னும் சொல்லலியா?" என்று மெதுவாகக் கேட்டார். தர்ஷன் தலையைத் தூக்கவில்லை. "நான் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று ஃபாஸில் நானா கேட் பக்கமாகப் போய்விட்டார்.

நம்பர் பிளேட்டைச் சிமெந்துத் தரையில் வீசினேன்.

"எனக்கு ஒரு பம்பர் அடிக்க கை வரல. அவரு வேனுக்கு மட்டும் கை வருதா? என் புள்ளைங்கள ஏத்த நீங்களே பெஞ்சு அடிச்சுக் குடுக்கிறீங்களா? அதுக்குக் கற்பூரம் வேற! நான் ஓட்டக் கூடாது, அதானே? அத என் மொகத்துக்கு நேரா சொல்ல வாய் இல்லாம இரும்ப வளைச்சு வளைச்சு காட்டுறீங்க!"

"நீ ஓட்டக் கூடாதுன்னு நான் எப்பவாச்சும் சொல்லியிருக்கனா?"

"சொல்லல. செஞ்சீங்க. ஓட்டைய அரை அங்குலம் தள்ளிப் போட்டது தெரியாமலா போட்டீங்க?"

"தெரிஞ்சுதான் போட்டேன்" என்றார்.

நான் கத்தினது அவர் மறுக்கட்டும் என்றுதான். அவர் வேனை விட்டு இறங்கி, எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"நீ நெனைக்கிற காரணம் இல்ல பிரேமி. லீவு விட்ட அன்னைக்கு எல்லாரும் இங்க வந்தாங்க. மேல்கணக்குல புள்ள அனுப்புற அத்தன பேரும். இந்த எடத்துலதான் நின்னாங்க. இனிமே ஒன் வண்டியில அனுப்ப மாட்டாங்களாம். ஃபாஸில் நானாவோடயே போகட்டுமாம். அவரும் மொதல்ல மாட்டேன்னுதான் சொல்லியிருக்காரு. அவங்களுக்கு நீ நல்ல புள்ளதானாம், ஒன் மனசு நோகக் கூடாதாம். அதனால நானே பக்குவமா சொல்லிரணுமாம்."

"யாரு யாரு?"

"எல்லாரும்தான்."

"நாகலெட்சுமி அக்கா?"

எண்ணெய்த் துணியை மடித்து வேன் படியில் வைத்தார். "அவங்கதான் முன்னால நின்னாங்க."

காலையில்கூட எங்கள் அடுப்பில் நெருப்பு வாங்கிப் போனார் அந்த அக்கா.

"நான் எப்படி ஒங்கிட்ட சொல்றது?" என்றார் தர்ஷன். "நீ ஸ்கூல் திறக்குற நாள எண்ணிக்கிட்டு இருக்க. கூரைக்குப் புதுசா ரெக்சின் வாங்கித் தச்சு வச்சிருக்க. பம்பர் முடிஞ்சா அன்னைக்கே போய் ரோட்டுல நிப்ப. ஒருத்தரும் வர மாட்டாங்க. அத நீ பார்க்கணுமா? பம்பர் முடியாத வரைக்கும் ஒனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். திட்டுனா என்னைய மட்டும்தானே திட்டுவ. அது எனக்குப் பழக்கம்தானே."

"அந்த பெஞ்சு?"

"புள்ளைங்க அதுலதான் போகப்போகுதுங்க. ஒழுங்கா ஒக்கார வேணாமா?"

அவமானமும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் எங்கே போவது என்று தெரியாது. மேல்கணக்கு முழுவதும் தெரிந்த ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல், நான் வீடு வீடாக "முடிஞ்சிரும், முடிஞ்சிரும்" என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். அவர்கள் மேல் கோபம். இந்த ஆள் மேல் அதைவிடக் கோபம், இத்தனை நாளாக என் வாயில் விழுந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டதற்கு. உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்காரவும் பயந்து, ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அழுது முடித்துவிட்டு, "எலுமிச்சம்பழம் இருக்கா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"கற்பூரத்த ஏத்துங்க. பம்பர தொடங்குங்க."

"பிரேமி, யாரும் வர மாட்டாங்க."

"வராட்டி போகட்டும். என் வண்டி மூக்கில்லாம நிக்கக் கூடாது. ஏத்துங்கன்னா ஏத்துங்க!"

ஏற்றினார். அதற்கப்புறம் நான் பார்த்தது வேறு ஆள். ஒரு பேச்சு இல்லை. நம்பர் பிளேட்டைப் பொறுக்கி எடுத்து, தட்டி நிமிர்த்தி, அளந்து, பழைய சேனலை வெட்டி, நடுவில் கொஞ்சம் ஓரத்தில் கொஞ்சமாக விட்டு விட்டு ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியில் தூக்கி வைத்தபோது நாலு போல்ட்டும் ஒரு தட்டில் உள்ளே போயின. அழகான பம்பர். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. முதல் வாரமே இதைச் செய்திருக்கலாமே, பாவி மனுஷன்.

அன்றைக்குச் சாயங்காலம் நாகலெட்சுமி அக்காவிடம் நானே போனேன். சண்டைக்குத்தான் போனேன். அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே, தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். கையில் இருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"பள்ளத்துல விட்டிருந்தா சரியாக்கா?" என்றேன். "நான் கட்டுல அடிச்சது தப்பா? சொல்லுங்க!"

"தப்பில்ல பிரேமினி. நீ செஞ்சதுதான் சரி. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா அப்புறம் ஏன்?"

"தெரியுது. ஆனா வயித்தக் கலக்குதே. நீ வண்டிய ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டாலே எனக்கு அவ வாயில இருந்த ரத்தம்தான் தெரியுது. நான் என்னா செய்ய?" அக்காவும் அழுதார். "நாலு நாள் போகட்டும்னு பார்த்தேன். போக மாட்டேங்குது."

நான் சுளகை எடுத்து அக்கா கையில் கொடுத்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் கெப்பைக் கழுவி, கோயில் முச்சந்தியில் வழக்கமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஃபாஸில் நானாவின் வேன் எனக்கு முன்னால் நின்றது. அவர் என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக வந்தார்கள். இரண்டு மூன்று பேர் என் பக்கமாக ஓடி வந்தார்கள். தாய்மார் கையைப் பிடித்து இழுத்தார்கள். சுலக்ஷனா, "பிரேமினி மாமி, புதுப் பம்பர்!" என்று கத்தினாள். அவள் அம்மா அவளைத் தூக்கி வேனுக்குள் உட்கார வைத்தார். எல்லோரும் ஏறியாயிற்று. எனக்கு அங்கேயே இறங்கி எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

அப்போது பின்னால் வண்டி ஆடியது. திரும்பிப் பார்த்தால் தர்ஷன். பெக்டரி உடுப்பு இல்லை. வெளுத்த சட்டை, கையில் சாப்பாட்டுப் பொட்டலம். கூரைக்கு அடியில் குனிந்து போய், பிள்ளைகளுக்காக அடித்த, உயரம் குறைந்த பதிவான பலகையில் முழங்கால் மூஞ்சியில் இடிக்க உட்கார்ந்துகொண்டார்.

"என்னா வேல இது? எறங்குங்க. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். போ."

"பெக்டரி?"

"லீவு சொல்லிட்டேன். ஸ்கூலுக்கு நேரமாச்சு, போ பிரேமி."

முச்சந்தியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். வேனுக்குள்ளிருந்து பிள்ளைகள், "தர்ஷன் மாமா ஸ்கூலுக்குப் போறாரு!" என்று கூச்சல் போட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். நான் கியரைப் போட்டேன்.

மதகு வளைவில் இறங்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது. இந்தக் குளிரில். நான் ஹாரன் அடித்து, மெதுவாக, கட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் திருப்பி எடுத்தேன். வளைவு முடிந்த பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

ஸ்கூல் கேட்டில் நிறுத்தினேன். அவர் இறங்கி, என் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பயந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு அந்த எடத்துல வண்டிய வந்து பார்த்ததுல இருந்தே பயம்தான்."

"அப்புறம் ஏன் ஏறுனீங்க?"

"நானே ஏறாட்டி அவங்க எப்படிப் புள்ளைய ஏத்துவாங்க?"

பின்னால் வந்த ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. தர்ஷன் சாப்பாட்டுப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீ போ. நாளைக்கும் வர்றேன், நாளன்னைக்கும் வர்றேன். இன்னைக்கு மத்தியானம் ஸ்கூல் விடுற நேரத்துக்கு வந்து என்னைய ஏத்திக்க. பிந்திராத, நான் இந்த கேட்டுலதான் நிப்பேன்."

நான் பிந்தவில்லை.